கடைசி ஆளைக் காட்டுங்க

அந்த மேடம் யாருக்கும் ‘முடியாது’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. சொல்லித் தொலைத்திருந்தால் நாங்களும் வேறு வழியைப் பார்த்துக்கொண்டு போயிருப்போம். அவர் ‘தரலாமே’ என்றுதான் ஆரம்பிப்பார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குச் சிக்கலே.

அவர் வேலை என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கப்பல் கடலில் இறங்க ஏகப்பட்ட சட்டம் உண்டு. இத்தனை உயிர்காப்புப் படகு வேண்டும், இத்தனை பேர் வேண்டும், இன்ன வேலைக்கு இன்ன சான்றிதழ் வேண்டும். ஆனால் கிளம்புகிற நேரத்தில்தான் ஒரு படகு உடைந்திருக்கும், ஒரு இன்ஜினியர் காய்ச்சலில் படுத்திருப்பார். மாற்று வருகிறவரை கப்பலை நிறுத்தி வைத்தால் முதலாளிக்குத் தூக்கம் போய்விடும். அதற்காகச் சட்டமே ஒரு சந்து விட்டுவைத்திருக்கிறது. காரணத்தைச் சொல்லி விலக்குக் கேட்கலாம். ஒரு பயணத்துக்கு, கொஞ்ச காலத்துக்கு என்று கொடுப்பார்கள். அந்தக் கையெழுத்தைப் போடுகிற நாற்காலியில் மேடம் இருந்தார். நான் கப்பலுக்கு ஆள் அனுப்பும் சின்னக் கம்பெனி ஒன்றில் இருந்தேன். விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் நிற்பது என் தலையில் எழுதியிருந்தது.

ஆள் குள்ளம். ஆபீஸில் பருத்திப் புடவை. கப்பலுக்குப் போகிற நாளில் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு முரட்டு ஷூவை இழுத்துப் போட்டுக்கொண்டு, காக்கி மேலங்கியில் வந்து நிற்பார். அப்போது கொஞ்சம் பஸ் கண்டக்டர் மாதிரி இருப்பார். இதை அவரிடமே ஒருமுறை சொல்லிவிட்டேன். “ஆமா சார், உள்ள போங்க உள்ள போங்கன்னு சொல்றதுதானே நம்ம வேலையும்,” என்றார்.

அவருக்கு வீடு அம்பத்தூரில், ஒரகடம் பக்கம். எனக்குத் திருமுல்லைவாயல். ஆகவே ஆவடியிலிருந்து சென்னை பீச் ஸ்டேஷனுக்குப் போகிற அதே ரயில்தான் இருவருக்கும். சேர்ந்து போகிறோமே, காரியத்தைப் பாதி வழியிலேயே முடித்துவிடலாம் என்று ஆரம்பத்தில் நானும் கணக்குப் போட்டேன். ஒருநாள் வில்லிவாக்கம் வரும்போது மெல்ல ஒரு விண்ணப்பத்தைப் பற்றி எடுத்தேன். மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். “இது வில்லிவாக்கம் சார். ஆபீஸ் பீச்சுல இருக்கு,” என்றார். அதோடு சரி. ரயிலில் அவர் பேசியதெல்லாம் பட்டரவாக்கத்தில் எந்தக் கடையில் கீரை நன்றாக இருக்கும், ஒரகடத்தில் தண்ணீர் லாரி ஏன் வரவில்லை என்பதுதான். பீச்சில் இறங்கி ரோட்டைக் கடந்ததும் அவர் மேடம், நான் விண்ணப்பதாரர்.

அவரிடம் எந்த விலக்குக் கேட்டுப் போனாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். “தரலாமே. இதனால கஷ்டப்படப்போற கடைசி ஆள் யாரு? அந்த ஆளைக் காட்டுங்க.”

முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்குப் புரியவேயில்லை. பழைய சரக்குக் கப்பல் ஒன்றில் ஒரு படகு விரிசல் விட்டுவிட்டது. பழுது பார்க்கும் இடம்வரை போக ஒரே ஒரு பயணத்துக்கு விலக்குக் கேட்டோம். மேடம் கப்பலுக்கே வந்துவிட்டார். எல்லோரையும் மேல்தளத்துக்கு வரச்சொல்லி, மீதி இருந்த படகில் ஏறி உட்காரச் சொன்னார். எல்லோரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். படகு நிறைந்தது. சமையல்காரரும் பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பையனும் தளத்திலேயே நின்றார்கள். கேப்டன், “ரப்பர் மிதவை இருக்கு மேடம், அவங்க அதுல போவாங்க,” என்றார்.

மேடம் சமையல்காரரிடம் திரும்பினார். “அண்ணே, படகுல உங்களுக்கு இடம் இல்லைன்னு யாராவது சொன்னாங்களா?”

அவர் கையில் இருந்த கரண்டியைப் பார்த்தார், கேப்டனைப் பார்த்தார். “இப்பத்தான் மேடம் தெரியுது,” என்றார்.

படகில் இருந்தவர்களின் சிரிப்பு நின்றுவிட்டது. மேடம் அங்கேயே கையெழுத்துப் போட்டார். கூடவே ஒரு வரி எழுதினார். இடம் இல்லாத இரண்டு பேரும் ரயிலில் போய்ப் பழுது பார்க்கும் இடத்தில் சேர்ந்துகொள்ளட்டும். அந்தப் பயணம் முழுக்க கேப்டனே உப்புமா கிண்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். சமையல்காரர் ஜன்னலோர சீட்டில் காலை நீட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

இந்தப் பழக்கம் ஆபீஸோடு நிற்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவேற்காடு கோயில் வாசலில் அவரைப் பார்த்தேன். நானும் அவரும் ஒரே ஷேர் வேனில் ஏற வேண்டியதாயிற்று. வேன்காரர் வழக்கம்போல், “இன்னும் ஒர்த்தர், ஒரே ஒர்த்தர், கொஞ்சம் நகந்துக்கம்மா,” என்று அடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியாக ஒரு பூக்காரப் பெண் கூடையோடு வந்து, உட்கார இடமில்லாமல் கதவோரம் பாதி உடம்போடு தொங்கினாள். மேடம் வேன்காரரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்து அந்தப் பெண்ணை உள்ளே இழுத்துத் தன் இடத்தில் உட்காரவைத்துவிட்டு, தான் கதவோரம் போனார். சாதாரணமாகத்தான் செய்தார். நெடுஞ்சாலைக்கு வந்ததும் வேன்காரர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து நெளிந்தார். புடவைத் தலைப்பு பறக்க அப்படி ஒரு பெரிய மனுஷி தொங்கிக்கொண்டு வருவதை அவரால் தாங்க முடியவில்லை போலிருக்கிறது. வேலப்பன்சாவடி வருவதற்குள் வண்டியை ஓரம் கட்டி, தன் பக்கத்தில் போட்டிருந்த பையையும் தண்ணீர்க் கேனையும் தூக்கிக் காலடியில் வைத்துக்கொண்டு, “இங்க வந்து குந்துங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போவுது,” என்றார்.

அதைப் பார்த்த பிறகும் எனக்கு அவர் மேல் மரியாதைதான் வந்தது. பிரமிப்பு வந்தது என் மச்சான் விஷயத்தில்.

மச்சான் என்றால் என் தங்கை புருஷன். ஆவடிக்காரன். அவன் தாத்தா வயலில் கூலி வேலை செய்தவர், அப்பா தொழிற்சாலையில் மூட்டை தூக்கியவர், இவன் கப்பல் ஏறினான். ஏற்றிவிட்டது நான்தான். எஞ்சின் அறையில் மோட்டார்மேன் வேலை. ஆயில் போட வேண்டும், துடைக்க வேண்டும், இன்ஜினியர் பக்கத்தில் நின்று மீட்டர்களைப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடுகிறவரை அங்கே யாராவது நாலு நாலு மணி நேரமாக முறைவைத்துக் காவல் இருக்க வேண்டும். அதை அவர்கள் வாட்ச் நிற்பது என்பார்கள்.

அந்தக் கப்பலில் இரண்டாம் இன்ஜினியருக்குக் குடல்வால் வீங்கி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். சரக்கு ஏற்றியாயிற்று. நேரத்துக்குக் கிளம்பாவிட்டால் ஒப்பந்தம் போய்விடும், மொத்தப் பேரையும் இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று முதலாளி போனில் கத்தினார். மொத்தப் பேரில் மச்சானும் ஒருவன். தங்கைக்கு அப்போது நிறைமாசம். மூன்றாம் இன்ஜினியரே இரண்டாமவர் வேலையைப் பார்க்க விலக்கு வேண்டும் என்று எழுதி எடுத்துக்கொண்டு ஓடினேன். அன்றைக்குக் கடவுளை வேண்டிக்கொண்டுதான் ரயில் ஏறினேன். கையெழுத்து விழுந்தால் மச்சானுக்கு வேலை நிற்கும். அவ்வளவுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

மேடம் படித்துப் பார்த்தார். “தரலாமே,” என்றார். “மூணாவது ஆள் ரெண்டாவதா ஏர்றாரு. மூணாவது இடத்துல?”

“நாலாவது இன்ஜினியர், மேடம்.”

“நாலாவது இடத்துல?”

நான் விண்ணப்பத்தைப் புரட்டினேன். விண்ணப்பத்தில் அது இல்லை. எந்த விண்ணப்பத்திலும் இருக்காது. காலியான நாற்காலியை மட்டும்தான் எழுதுவோம். அது நிரம்பினால் வேலை முடிந்தது என்றுதான் எங்கள் ஆபீஸில் எல்லோரும் நினைத்திருந்தோம்.

“பாருங்க சார்,” என்றார் மேடம். “எல்லாரும் ஒரு படி மேல ஏறிட்டாங்க. அதனால மேல இருந்த ஓட்டை அடைஞ்சு போச்சா? அது ஒவ்வொரு படியா கீழ எறங்கிக்கினு இருக்கு. எங்க போய் நிக்குது? அந்த ஆளைக் காட்டுங்க.”

“நாலாவது ஆளோட நாலு மணி நேர வாட்ச்சுல மோட்டார்மேன் தனியா நிக்கணும் மேடம்,” என்றேன். பிறகு, “அவன் என் தங்கச்சி புருஷன்,” என்றேன்.

மேடம் என்னை ஒரு நொடி பார்த்தார். மேஜைக்கு அடியிலிருந்து ஷூவை இழுத்தார். “அப்ப கப்பல்ல நீங்க வாயே தொறக்கக் கூடாது,” என்றார்.

கப்பலில் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்தோம். தலைமை இன்ஜினியர் ஆறடி உயரம், நரைத்த மீசை. மூன்றாம் இன்ஜினியரும் வந்தார். மச்சானைக் கூப்பிட்டனுப்பினார்கள். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். மேடம் அவனை எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

“நல்லாத் தூங்குறீங்களா?”

“சூப்பரா கீது மேடம். அதெல்லாம் ஒண்ணியும் பிரச்சன இல்ல.”

“தனியா நிக்கச் சொன்னா?”

“நின்னுக்கலாம் மேடம். நம்ம எஞ்சின்தானே. சத்தத்த வெச்சே சொல்லிடுவேன்.”

தலைமை இன்ஜினியர், “ரொம்ப நம்பகமான ஆள் மேடம்,” என்றார். மேடம் தலையாட்டினார். எல்லோருக்கும் டீ வரச்சொன்னார். டீ வந்தது. அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

ஒன்றுமே பேசவில்லை. கேள்வி இல்லை, குறிப்பு இல்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கு முதலில் சங்கடமாக இருந்தது, பிறகு தாங்க முடியாமல் போயிற்று. சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தலைமை இன்ஜினியர் இருமினார், கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாம் இன்ஜினியர் விரலில் மோதிரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். எஞ்சின் நின்ற கப்பலில் எங்கோ ஒரு மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மச்சான் நெளியவில்லை, இருமவில்லை. கொஞ்ச நேரம் டீயை ஊதினான். பிறகு ஊதுவதும் நின்றது. தலை மெல்ல இறங்கி நெஞ்சில் பட்டது. கையில் டம்ளரைப் பிடித்தபடியே தூங்கிவிட்டான். என் வீட்டுக் கல்யாணத்தில் நாதஸ்வரத்துக்குக்கூட ஆடியவன் அவன். ஆள் குறைந்த நாளிலிருந்து சரியாகத் தூங்கவில்லை போலிருக்கிறது; அவன் முகம் அப்படிக் குழிந்து போயிருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். டம்ளர் சாய்ந்து, டீ விளிம்புக்கு வந்தது.

மேடம் எழுந்தார். முரட்டு ஷூ போட்ட காலோடு சத்தம் போடாமல் வந்து, அவன் விரலை ஒவ்வொன்றாக விலக்கி, டம்ளரை எடுத்து மேஜையில் வைத்தார். எங்களைப் பார்த்து, “பேசாதீங்க,” என்று உதட்டை மட்டும் அசைத்தார். பிறகு தலைமை இன்ஜினியர் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

“சார், நீங்க நல்லாத் தூங்குறீங்களா?”

“தூங்குறேன் மேடம்.”

“நல்லதாப் போச்சு. அந்த வாட்ச்சை நீங்க நில்லுங்க.”

அவர் முகம் சிவந்துவிட்டது. தலைமை இன்ஜினியர் வாட்ச் நிற்பது வழக்கமில்லை. அவர் மேற்பார்வை பார்க்கிறவர். “சட்டத்துல அப்படி எங்கயும் இல்லியே மேடம்,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

“ரெண்டாம் இன்ஜினியர் இல்லாம போறதும் சட்டத்துல இல்லியே சார். ஒண்ணு நான் தரேன், ஒண்ணு நீங்க தாங்க. ஓட்டை எறங்கினது போதும், இந்தத் தடவை மேல ஏறட்டும்.”

அவர் ரொம்ப நேரம் மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “சரி, நிக்கிறேன்,” என்றார். மேடம் பேனாவை எடுத்தார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் மூடியைத் திறக்காமலே வைத்துவிட்டார். “இவரா எழுந்திரிக்கட்டும். யாரும் எழுப்பக் கூடாது. எழுந்ததும் போடறேன்,” என்றார்.

அன்றைக்கு நடந்ததை இன்றைக்குச் சொன்னாலும் எங்கள் தொழிலில் நம்ப மாட்டார்கள். முதலாளி போன் மேல் போன் போட்டார். நான் வெளியே போய்ப் போய்க் கெஞ்சிவிட்டு வந்தேன். கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியே கொண்டுவிட வேண்டியவர் வந்து, காத்திருந்து, மறுபடி வருகிறேன் என்று போனார். கப்பல்காரர்கள் சாப்பிட வந்தவர்கள் வாசலிலேயே விஷயம் தெரிந்து, தட்டை எடுத்துக்கொண்டு பூனை மாதிரி நடந்து வெளியே போய்ச் சாப்பிட்டார்கள். அத்தனை பெரிய கப்பல், அத்தனை டன் சரக்கு, எல்லாம் ஒரு மோட்டார்மேன் தூங்கி எழுவதற்காக நின்றது. மேடம் அதே நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் சாப்பிடவும் இல்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது.

வெயில் சாய்ந்த பிறகு மச்சான் கண் விழித்தான். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு பதறி எழுந்தான். “இன்னா மேடம், நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டேனா?”

“இல்லப்பா. நல்லாத் தூங்குனீங்க,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கப்பல் போயிற்று, வந்தது. தலைமை இன்ஜினியர் முணுமுணுத்துக்கொண்டே தினமும் வாட்ச் நின்றாராம். வழியில் என்ன ஆயிற்று என்று கேட்டால், ஒன்றும் ஆகவில்லை. எதுவும் தீப்பிடிக்கவில்லை, யாருக்கும் கை போகவில்லை. மேடம் செய்த காரியத்துக்கு அத்தாட்சியாகக் காட்ட என்னிடம் எதுவுமே கிடையாது. குழந்தை பிறந்து, அதைப் பார்க்க மச்சான் முழுசாக வந்து நின்றான். அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

தங்கை ஒரு பெரிய டப்பாவில் மைசூர்பாகு கிண்டி எடுத்துக்கொண்டு என்னோடு ஒரகடத்துக்கு வந்தாள். மேடம் ஒரே ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்தார். “டப்பா வாங்கக் கூடாது. ஒரு துண்டுக்கு எனக்கு நானே விலக்குக் குடுத்துக்கினேன்,” என்றார். தங்கை சும்மா இருக்காமல், “உங்கப்பாவுக்குப் பாடியில ஒரு கம்பெனியில டபுள் ஷிப்ட்ல வெரல் போயிடுச்சாமே, அதனாலதான் நீங்க இப்டின்னு சொல்றாங்களே,” என்று கேட்டுவிட்டாள். நான் பல்லைக் கடித்தேன். மேடம் விழுந்து விழுந்து சிரித்தார். “எங்கப்பாவுக்குப் பத்து விரலும் நல்லாத்தான்மா இருந்துது. அதுல அஞ்சு அடிக்கடி என் கன்னத்துல இருக்கும்.”

ஏன் அவர் அப்படி இருந்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மேடம் ஓய்வு பெற்றுவிட்டார். ரயிலில் அந்த முகம் இல்லாமல் வில்லிவாக்கம் வருவதே தெரியாமல் போனது. போன மாதம் மச்சான் விடுப்பில் வந்திருந்தான். மேடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அவனே சொன்னான். ஒரு மத்தியானம் போனோம்.

கதவைத் திறந்தது மேடம்தான். பாதியாகிவிட்டிருந்தார். உள் அறையில் அவர் கணவர் கட்டிலில் இருந்தார். பக்கவாதம். திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், கரைத்து ஊட்ட வேண்டும், சளி அடைத்தால் உடனே நிமிர்த்த வேண்டும். ஒரு நிமிஷம் தனியாக விட முடியாது. “ஆள் வெச்சிருந்தேன். அந்தப் பொண்ணு அவசரமா ஊருக்குப் போயிட்டா. என் பொண்ணு கனடாவுல. வேலைக்கு இன்னொருத்தி வரேன்னா, இன்னும் வரல. அது வரைக்கும் நான்தான்,” என்றார். குரலில் குறையே இல்லை. எங்களுக்கு டீ போட்டார். தனக்கும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

“நல்லாத் தூங்குறீங்களா மேடம்?” என்று மச்சான் கேட்டான்.

“அதெல்லாம் ஒண்ணும் பிரச்சன இல்லப்பா.”

நான் பழைய கதைகளை எடுத்தேன். உப்புமா கிண்டிய கேப்டனைப் பற்றிச் சொல்லப் போனேன். மச்சான் என் முழங்காலை அழுத்தினான். நான் புரியாமல் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருந்தான். நானும் வாயை மூடிக்கொண்டேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தெருவில் ஒரு தண்ணீர் லாரி போயிற்று.

மேடத்தின் தலை மெல்ல இறங்கியது. டம்ளர் சாய்ந்தது.

மச்சான் செருப்பில்லாத காலோடு எழுந்து போய், அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி, டம்ளரை எடுத்துக் கீழே வைத்தான். என்னிடம் வந்து காதோரம் சொன்னான்.

“நீ கெளம்பு மச்சான். நான் நிக்கிறேன்.”

“எவ்வளவு நேரம்டா?”

“அவங்களா எய்ந்திரிக்கிற வரிக்கும். நீ ஊட்டுக்குப் போயி, காலையில உன் தங்கச்சிய அனுப்பு. நாளைக்கு அவ நிப்பா.”

உள்ளே போய், கட்டில் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுக்காமல் தூக்கிப் போட்டு, பெரியவர் முகத்தைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தான். மீட்டரைப் பார்க்கிற அதே கண். நான் வாசலுக்கு வந்தேன். அந்த இரும்பு கேட்டின் கொண்டி கீச்சென்று கத்துவதை வரும்போதே கேட்டிருந்தேன். அதனால் மூடாமலே விட்டுவிட்டு நடந்தேன்.